தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்வால்பார்டு வரை: வடதுருவக் கடலில் காட்டுயிர் காணும் கப்பல் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

துருவக் கரடியையும் வால்ரஸையும் நீலத் திமிங்கலத்தையும் அவை வாழும் கடலிலேயே சென்று பார்ப்பதற்கு இன்று வழி இருக்கிறது. செலவு மிகுந்த பயணம் என்பதில் ஐயமில்லை. அந்தச் செலவைச் செய்யத் துணிந்தவர்கள்கூட, கப்பலின் அறையையும் உணவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எந்த மாதம் செல்வது, கப்பலில் எத்தனை பேர் இருப்பார்கள், வடக்கே எத்தனை நாட்கள் கிடைக்கும் என்ற மூன்றையும் கேட்காமலேயே பணம் கட்டிவிடுகிறார்கள். என் கருத்தில் இந்த மூன்றுமே பயணத்தைத் தீர்மானிக்கின்றன. ஒகேனக்கல் காட்டிலும் ஜவளகிரியிலும் கிருஷ்ணகிரி அணைக்கரையிலும் பறவைகளையும் விலங்குகளையும் பார்த்துப் பழகிய நம் மாவட்டத்து இயற்கை ஆர்வலர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எங்கே செல்கிறோம்

வடக்குக் கடல்களில் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, யான் மாயன் தீவு எனப் பல இலக்குகள் உண்டு. முதல் முறை செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்ட ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம்தான். வட அட்சரேகை 74 முதல் 81 பாகை வரை பரவியுள்ள இத்தீவுகளின் மொத்தப் பரப்பு சுமார் 61,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய பாதி. நிலத்தின் பெரும்பகுதி பனியாறுகளால் மூடப்பட்டிருக்கிறது. மக்களில் பெரும்பாலோர் லாங்யேர்பியன் என்ற ஒரே சிற்றூரில் வாழ்கிறார்கள். அங்கே விமான நிலையம் இருப்பதால், கரடிகள் வாழும் கடலுக்கு இவ்வளவு அருகில் விமானத்தில் சென்று இறங்கி, மறுநாளே கப்பலேற முடிகிறது.

நமக்கு இத்தீவுகள் முற்றிலும் அந்நியமானவை அல்ல. 1920இல் கையெழுத்தான ஸ்வால்பார்டு உடன்படிக்கையில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் இடம்பெற்றிருந்தது. நி-ஆலசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பில் 2008 ஜூலை முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது. கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் இதை நடத்துகிறது. பல கப்பல்கள் நி-ஆலசுண்டில் நிற்கும். நிலையத்தை வெளியிலிருந்துதான் காண முடியும் என்றாலும், அந்த வடகோடியில் நம் நாட்டின் பெயர்ப் பலகையைப் படிப்பது மனத்துக்கு நிறைவளிக்கும்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பயணத் தேதியை அலுவலக விடுமுறைக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஏற்பத் தேர்ந்தெடுப்பது நம் வழக்கம். இந்தப் பயணத்தில் கடற்பனியின் நிலைக்கு ஏற்பத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் விலங்குகள் எங்கே இருக்கும் என்பதையும், கப்பல் எதுவரை செல்லும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் மலைகள் வெண்பனியால் மூடியிருக்கும். ஃபியோர்டுகள் எனப்படும் குறுகிய கடற்கால்களில் உறைபனி எஞ்சியிருக்கும். அந்தப் பனியின்மேல் கடல் பாலூட்டிகளான வளையச் சீல்கள் ஓய்வெடுக்கும். அவற்றைத் தேடிக் கரடிகள் நடமாடும். பனிநிலப் படங்களை விரும்பும் ஒளிப்படக் கலைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த காலம் இல்லை. ஆனால் வடகிழக்குப் பகுதிகள் பனியால் அடைபட்டிருக்கும். கப்பல் பெரும்பாலும் மேற்குக் கரையிலேயே சுற்றும்.

ஜூன் பிற்பகுதி முதல் ஜூலை இறுதி வரையிலான காலத்தையே நான் முதலாவதாகச் சொல்வேன். பறவைக் குன்றுகள் நிறைந்திருக்கும். ஆர்க்டிக் நரிகள் குட்டிகளுடன் திரியும். துந்திர நிலத்தில் சிறு பூக்கள் மலரும். ஜூலை நடுப்பகுதியிலிருந்து பனி விலகும் ஆண்டுகளில், முதன்மைத் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனை முழுவதும் வலம்வரக் கப்பல்களுக்கு வழி திறக்கும். இந்த மாதங்களில் சூரியன் மறைவதே இல்லை. லாங்யேர்பியனில் ஏப்ரல் 20 அளவில் தொடங்கும் நள்ளிரவுச் சூரியன் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கடந்த பிறகுதான் அடிவானத்துக்குக் கீழே இறங்குகிறது.

ஆகஸ்டில் கடற்பனி வடக்கே வெகுதூரம் பின்வாங்கிவிடும். குன்றுப் பறவைகளில் பல கடலுக்குச் சென்றிருக்கும். திமிங்கலங்களைக் காணவும் தொலைதூரக் கிழக்குத் தீவுகளை அடையவும் இது ஏற்ற காலம். செப்டம்பரில் இரவு திரும்பிவிடும். வடதுருவ ஒளி தெரிய வாய்ப்புண்டு என்றாலும், காட்டுயிருக்காகவே செல்பவர்களுக்கு அந்த மாதத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கப்பலையும் பாதையையும் தேர்ந்தெடுத்தல்

2025 ஜனவரி 1 முதல் நார்வே அரசு ஸ்வால்பார்டுக்கான விதிகளைக் கடுமையாக்கியுள்ளது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது; அப்பகுதிகளில் குறிப்பிட்ட 43 இடங்களில் மட்டுமே பயணிகளைத் தரையிறக்கலாம்; துருவக் கரடியிடமிருந்து மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டரும், ஆண்டின் மற்ற நாட்களில் 300 மீட்டரும் விலகி நிற்க வேண்டும். கரடி நெருக்கத்தில் இருப்பது தாமதமாகத் தெரியவந்தாலும், உடனே பின்வாங்கி அந்தத் தூரத்தை ஏற்படுத்த வேண்டியது கப்பலின் கடமை. இணையத்தில் காணப்படும் பழைய படங்களில் கரடி கப்பலின் முன்பகுதிக்கே வந்து நிற்கும். அதை எதிர்பார்த்துச் செல்லக் கூடாது. அதே காட்சியைக் காட்டி விளம்பரம் செய்யும் முகவரையும் நம்ப வேண்டாம்.

இந்த விதிகளை நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகளில் ராகி முற்றும் காலத்தில் யானைக்கூட்டம் இறங்கும்போது, கைப்பேசியுடன் நெருங்கிச் செல்லும் கூட்டத்தால் யானைக்கும் மனிதருக்கும் என்ன நேர்கிறது என்பதை அறிந்த நமக்கு, தூரம் காப்பதன் தேவையை எவரும் விளக்க வேண்டியதில்லை. கரடி, சீலின் மூச்சுத்துளை அருகே மணிக்கணக்கில் அசையாமல் காத்திருந்து வேட்டையாடுகிறது. ஒரு கப்பலின் ஆரவாரம் அந்தக் காத்திருப்பைக் குலைத்தால், அதற்கு அன்றைய உணவே கிடைக்காமல் போகலாம்.

ஆகவே, கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது முகவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை இவை. மொத்தப் பயணிகள் எத்தனை பேர், வழிகாட்டிகள் எத்தனை பேர். எல்லோரும் ஒரே வேளையில் தரையிறங்க முடியுமா, முறைவைத்து இறக்குவார்களா. ஏறும் நாளையும் இறங்கும் நாளையும் கழித்தால் எத்தனை முழு நாட்கள் மிஞ்சும். அந்த நிறுவனம் ஆர்க்டிக் ஆய்வுக்கப்பல் இயக்குநர் சங்கமான ஏஈசிஓவின் உறுப்பினரா. 2003இல் தொடங்கப்பட்ட இச்சங்கத்தின் நடத்தை விதிகளே இத்துறையில் அளவுகோலாக இருக்கின்றன. நூறு பேருக்கு உட்பட்ட கப்பல் கிடைத்தால் அறை சிறிதாக இருந்தாலும் அதையே எடுங்கள். ஐந்து நாள் பயணத்தில் உயர்ந்த அறையைப் பெறுவதைவிட, பத்து நாள் பயணத்தில் மூவர் பகிரும் அறையில் செல்வது பலமடங்கு பயன் தரும். கடல் காற்றாலோ பனியாலோ இரண்டு நாட்கள் வீணானாலும், பத்து நாள் பயணத்தில் எஞ்சும் நாட்கள் போதும்.

பாதையைப் பொறுத்தவரை, வடமேற்கு ஃபியோர்டுகளோடு, ஸ்பிட்ஸ்பெர்கனின் வடகிழக்கிலுள்ள ஹின்லோப்பன் நீரிணையும் அடங்கிய திட்டத்தைத் தேடுங்கள். எந்தத் திட்டமும் உறுதியல்ல. கப்பல் தலைவரும் பயணத் தலைவரும் பனி வரைபடத்தைப் பார்த்து நாள்தோறும் பாதையை மாற்றுவார்கள். அப்படி மாற்றுபவர்களே நல்ல தலைவர்கள்.

பணமும் முன்பதிவும்

பத்து நாள் பயணத்தில் பகிர்வு அறைக்கே ஒருவருக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். விமானக் கட்டணமும் லாங்யேர்பியன் விடுதிச் செலவும் தனி. ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்தால் மலிவான அறைகள் கிடைக்கும். தனியாகச் செல்பவர்கள், கூடுதல் கட்டணமின்றி மற்றொருவருடன் அறையைப் பகிரும் வசதி உண்டா எனக் கேட்க வேண்டும். இந்திய முகவர் வழியாகப் பணம் கட்டினால் டிசிஎஸ் எனப்படும், பணம் பெறும்போதே வசூலிக்கும் வரி பிடிக்கப்படும். அதை வருமானவரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

விசா: பலரும் தவறவிடும் ஒரு நுட்பம்

ஸ்வால்பார்டுக்குச் செல்ல விசா தேவையில்லை. அங்கே போய்ச் சேரும் வழியான நார்வே நிலப்பகுதிக்குத் தேவை. நார்வே, ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வலயமான ஷெங்கனில் உள்ள நாடு; ஸ்வால்பார்டோ ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஓஸ்லோவில் இறங்கும்போது ஒருமுறை ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள். லாங்யேர்பியனுக்கு விமானம் ஏறும்போது வெளியேறுகிறீர்கள். பயணம் முடிந்து ஓஸ்லோ திரும்பும்போது மீண்டும் நுழைகிறீர்கள். ஆகவே ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. இருமுறை அல்லது பலமுறை நுழைவு விசாவைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்பதை முகப்புக் கடிதத்தில் கப்பல் பதிவுச் சான்றுடன் தெளிவாக எழுத வேண்டும். விசா கைக்கு வந்தவுடன் நுழைவு எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கோடைக்காலத்தில் நேரப்பதிவு கிடைப்பது கடினம் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். கைரேகை பதிவு செய்ய நேரில் செல்ல வேண்டும். பாஸ்போர்ட் பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருக்க வேண்டும். வருமானச் சான்றில் நம் மாவட்டத்தவருக்கு ஒரு சிறப்புக் கவனம் தேவை. மாந்தோப்பு, மலர் சாகுபடி போன்ற விவசாய வருமானம் உடையவர்கள் வங்கிக் கணக்கு அறிக்கையுடன், பட்டா, சிட்டா போன்ற ஆவணங்களையும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணைத்தால், ஊர் திரும்புவதற்கான பிணைப்பு தெளிவாகப் புலப்படும்.

விசாவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மதிப்புடையதாக இருக்க வேண்டும். அது விசாவுக்கான வரம்பு, பயணத்துக்குப் போதாது. லாங்யேர்பியனில் இருப்பது சிறிய மருத்துவமனை. கடுமையான நோயாளிகளை நார்வே நிலப்பகுதியிலுள்ள ட்ரோம்சோவுக்கு விமானத்தில் கொண்டுசெல்ல வேண்டும். ஸ்வால்பார்டின் பெயரைக் குறிப்பிட்டு, கப்பல் பயணத்தையும் அவசர வான்வழி மீட்பையும் உள்ளடக்கும் காப்பீட்டைப் பெறுங்கள்.

உடையும் கருவிகளும்

கோடைக்காலத்தில் அங்கே வெப்பநிலை பெரும்பாலும் சுழியத்திலிருந்து எட்டு பாகை செல்சியஸ் வரை இருக்கும். ஓசூர் மார்கழிக் குளிரைவிட இது மிகக் கடுமையானதாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் ஜோடியாக் எனப்படும் ரப்பர் படகில் ஒன்றரை மணிநேரம் அசையாமல் உட்கார்ந்து கடற்காற்றை வாங்கும்போதுதான் குளிர் எலும்பைத் தொடும். உடலை ஒட்டிய கம்பளித் தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத சட்டையும் காற்சட்டையும் என மூன்று அடுக்காக அணிய வேண்டும். பருத்தி உள்ளாடை ஈரமானால் உலராது, அதைத் தவிர்த்துவிடுங்கள். முழங்கால் உயர ரப்பர் காலணியைப் பெரும்பாலான கப்பல்களே தருகின்றன. அளவை முன்கூட்டியே தெரிவியுங்கள். கையுறை இரண்டு இணை வேண்டும்.

கரடி முந்நூறு முதல் ஐந்நூறு மீட்டர் தூரத்தில் நிற்கும் நிலையில், பயணத்தின் மிக முக்கியமான கருவி 8x42 அளவுள்ள நல்ல பைனாகுலர்தான். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்று தேவை. கரடி தெரியும் இரண்டு நிமிடத்தில் கைமாற்றிப் பார்க்க நேரம் இருக்காது. ஒளிப்படம் எடுப்பவர்களுக்கு 100-400 மில்லிமீட்டர் லென்ஸ் ஏற்றது. குளிரில் பேட்டரி விரைவில் தீரும். கூடுதல் பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில் வைத்திருங்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, சைவம் என்பதைப் பதிவின்போதே எழுதிக் கொடுத்தால் கப்பலில் ஏற்பாடு செய்வார்கள். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டுசெல்லலாம். இறைச்சியையும் பாலில் செய்த இனிப்புகளையும் நார்வேக்குள் அனுமதிப்பதில்லை.

ஊரிலேயே செய்ய வேண்டிய பயிற்சி

ஆடும் படகில் ஏறி இறங்கவும், ஈரக் கற்களின் மேல் நடக்கவும், தளர்ந்த மண்ணில் மேடேறவும் உடல் இசைய வேண்டும். இதற்கு நம் மாவட்டங்களைவிட நல்ல பயிற்சிக்களம் வேண்டியதில்லை. ராயக்கோட்டைக் கோட்டைக்கோ தீர்த்தமலைக்கோ வாரம் ஒருமுறை ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்கும்போது முழங்காலும் கணுக்காலும் பெறும் பழக்கமே அங்கே உதவும்.

கண்ணுக்கும் பயிற்சி தேவை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாரூர் ஏரியிலோ, தர்மபுரி ராமக்காள் ஏரியிலோ, கிருஷ்ணகிரி அணையிலோ அதிகாலையில் நின்று, எதிர்க்கரையை இடமிருந்து வலமாகப் பைனாகுலரால் மெதுவாகத் துழாவிப் பழகுங்கள். ஐந்நூறு மீட்டரில் ஒரு மாடு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைக் கைப்பேசி வரைபடத்தில் தூரம் அளந்து பார்த்துக்கொண்டால், அங்கே கரடி எப்படித் தெரியும் என்ற மதிப்பீடு கிடைக்கும். துருவக் கரடியின் உரோமம் தூய வெண்மை அல்ல. பனியின்மேல் அது வெளிர்மஞ்சளாகத் தெரியும். வெண்மைப் பரப்பில் மஞ்சள் புள்ளியைத் தேடக் கற்றவர்களே கப்பலில் முதலில் குரல் கொடுக்கிறார்கள்.

புறப்பாடு

பெங்களூரு விமான நிலையமே நமக்கு அருகில் உள்ளது. ஆனால் அது தேவனஹள்ளியில், நகரத்தின் வடகோடியில் இருப்பதால், ஓசூரைக் கடந்த பிறகும் முழு நகரத்தையும் தாண்டியாக வேண்டும். சர்வதேச விமானத்துக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து குறைந்தது ஏழு மணிநேரம் முன்பாகவே கிளம்புங்கள். இடையில் ஒரு நகரத்தில் மாறி ஓஸ்லோவை அடைந்து, அங்கிருந்து சுமார் மூன்று மணிநேரத்தில் லாங்யேர்பியன் சேரலாம். கப்பல் புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே சென்றுவிடுங்கள். பெட்டி தாமதமானால் கப்பல் காத்திருக்காது. எனவே மேலுடை, ஒரு தெர்மல், மருந்து, பைனாகுலர் ஆகிய நான்கும் கைப்பையில் இருக்கட்டும். லாங்யேர்பியன் குடியிருப்பின் எல்லையைத் தாண்டித் தனியே நடக்கக் கூடாது; கரடி எங்கும் வரலாம் என்பதால் ஆயுதம் ஏந்திய வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும்.

கப்பலிலும் கரையிலும்

முதல் நாளில் பாதுகாப்புப் பயிற்சியும் உயிரியல் தூய்மைச் சோதனையும் நடக்கும். காலணி, பை, முக்காலி ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் விதைகளையும் மண்ணையும் முற்றாக நீக்க வேண்டும். நம் ஊர் முட்செடி விதைகள் காலுறையிலும் பை ஒட்டுப்பட்டையிலும் எளிதில் சிக்கிக்கொள்ளும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே தூரிகையால் தேய்த்துவிடுவது நல்லது. 2023இல் ஸ்வால்பார்டில் இறந்து கிடந்த வால்ரஸ் ஒன்றில் பறவைக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டதால், தரையில் உட்காருவதையும் பொருட்களைக் கீழே வைப்பதையும் தவிர்க்கும்படி வழிகாட்டிகள் சொல்வார்கள்.

ஃபியோர்டுகளுக்குள் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். திறந்த கடலில் ஆட்டம் உண்டு. மருத்துவரிடம் கேட்டுப் பெற்ற குமட்டல் மாத்திரையை, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே உட்கொள்ள வேண்டும்.

இனி, காணப்போகும் உயிரினங்களைப் பற்றி. வால்ரஸ்கள் சரளைக் கரைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தந்தத்துக்காகவும் கொழுப்புக்காகவும் வேட்டையாடப்பட்டு, 1952இல் சட்டப் பாதுகாப்பு வந்தபோது இத்தீவுகளில் ஏறக்குறைய நூறு மட்டுமே எஞ்சியிருந்தன; 2018 வான்வழிக் கணக்கெடுப்பில் அவை சுமார் 5,500 என மதிப்பிடப்பட்டன. பாதுகாப்பு என்பது வேலை செய்யும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டி நிறுத்தும் இடத்தில் நின்று, மெல்லிய குரலில் பேசி, கூட்டமாக ஒட்டி நிற்க வேண்டும். ஒன்று தலைதூக்கிப் பார்த்தால் அசையாதீர்கள். மிரண்டு கடலுக்குள் பாயும் கூட்டத்தில் கன்றுகள் நசுங்கிவிடும்.

ஹின்லோப்பன் நீரிணையிலுள்ள அல்கெஃபியெல்லெட் குன்றுக்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால், அந்த வேளையில் கேமராவைச் சற்று நேரம் இறக்கி வையுங்கள். நூறு மீட்டருக்கும் உயரமான கரும்பாறையின் இடுக்குகளில் புருன்னிக் கில்லெமாட் பறவைகள் சுமார் 60,000 இணைகள் கூடின்றி வெறும் பாறையிலேயே முட்டையிடுகின்றன. குஞ்சுகள் மூன்று வார வயதில், பறக்கும் ஆற்றல் வருவதற்கு முன்பே கடலை நோக்கிக் குதிக்கின்றன. கீழே காத்திருக்கும் தந்தைப் பறவை அழைத்துச் செல்கிறது. கடலைச் சேராமல் கரையில் விழுந்தவற்றை நரி எடுத்துக்கொள்கிறது.

ஆர்க்டிக் ஆலாவின் கூட்டருகே செல்ல நேர்ந்தால் அது தலையைக் கொத்தும். உடலின் மிக உயர்ந்த பகுதியையே தாக்கும் என்பதால் ஒரு குச்சியைத் தலைக்கு மேலே பிடித்தபடி வந்த வழியே திரும்புங்கள். வடதுருவக் கோடையிலிருந்து தென்துருவக் கோடைக்கு ஆண்டுதோறும் பறக்கும் பறவை அது. குட்டைக்கால் உடைய ஸ்வால்பார்டு மானைப் பெரும்பாலும் எளிதில் காணலாம். 1925இல் அதன் வேட்டைக்குத் தடை வந்தது. பெலுகா எனப்படும் வெண்திமிங்கலங்கள் பனியாற்று முகங்களுக்கு அருகே கூட்டமாக நீந்தும். மேற்குக் கரைக்கு அப்பால் கண்டத்திட்டு முடியும் ஆழ்கடலில் துடுப்புத் திமிங்கலத்தையும் நீலத் திமிங்கலத்தையும் காண வாய்ப்புண்டு. அந்தப் பகுதியைக் கப்பல் கடக்கும் நேரத்தை வழிகாட்டியிடம் கேட்டு, இரவானாலும் மேல்தளத்தில் நில்லுங்கள். வெளிச்சம் எப்போதும் இருக்கிறது என்பதால் தூக்கத்தைப் பகல் உரைகளின் நேரத்துக்கு மாற்றிக்கொள்வதே என் அறிவுரை.

பனியாறு உடைந்து விழும் காட்சியைப் படகிலிருந்து தொலைவில் காண்பதே சரி. விழும் பனிக்கட்டி எழுப்பும் அலை படகைக் கவிழ்க்க வல்லது. நி-ஆலசுண்டை நெருங்கும்போது கைப்பேசியின் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். சுற்றிலும் 20 கிலோமீட்டர் ஆய்வுக் கருவிகளுக்கான வானொலி அமைதி வலயம். 1926இல் நார்வேயின் துருவ ஆய்வுப் பயணி அமுண்ட்சனின் நோர்கே வான்கப்பல் கட்டப்பட்ட கம்பம் அங்கே இன்றும் நிற்கிறது. 1946க்கு முற்பட்ட மனிதத் தடயங்கள் அனைத்தும் தாமாகவே சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை. துருப்பிடித்த ஆணியையோ, திமிங்கல எலும்புத் துண்டையோ, கல்லையோகூட எடுக்கவும் நகர்த்தவும் கூடாது.

ஊர் திரும்பிய பின்

எடுத்த படங்களில் திமிங்கல வாலின் அடிப்புறம் தெளிவாக இருந்தால், தேதியையும் இடத்தையும் குறித்து ஹேப்பிவேல் தளத்தில் பதிவேற்றுங்கள். வால் அடையாளத்தைக் கொண்டு தனித்தனித் திமிங்கலங்களை அறிய அது உதவுகிறது. பறவைப் பட்டியலை, பறவை நோக்கர்களின் பதிவுத் தளமான இபேர்டில் சேர்க்கலாம். கடல்வாழ் பாலூட்டிகளைக் கண்ட விவரங்களை நார்வே துருவ ஆய்வு நிறுவனம் பயணிகளிடமிருந்தும் பெற்றுக்கொள்கிறது; இதற்காக ஒவ்வொரு நாளும் கப்பல் நின்ற அட்ச தீர்க்க ரேகைகளை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும்.